வீட்டுக்காரர் பேரையே போட்டுடுங்க

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், வாரம் ஒரு மாலை இலவச சட்ட ஆலோசனை நடக்கும். வழக்கறிஞர்கள் வேலை முடிந்து அங்கே தொண்டூழியத்துக்கு வருவார்கள். வருகிறவர்களிடம் முதலில் பேசி, விவரம் கேட்டு, வழக்கறிஞரிடம் எடுத்துச் சொல்வது சட்டக் கல்லூரி மாணவர்களின் வேலை. ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை.

மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த சாதியா அங்கே ஒரு வருடமாகப் போய் வந்தாள். தமிழில் மட்டும் பேசுகிறவர்கள் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் வீடு திரும்பும்போது ரயிலில் அழுதிருக்கிறாள். பிறகு அது நின்றுபோனது. எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. புருஷனிடம் அடி வாங்கியவள், இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர், பிள்ளையைப் பார்க்க முடியாத தகப்பன் என்று எல்லோரும் வந்து சொன்னார்கள். கேட்டாள், எழுதினாள், கீழே இறங்கிப் போய் மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டாள்.

வடிவேலு வந்தது அப்படி ஒரு மாலையில்தான். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், தெம்பனிஸில் வீடு. விவாகரத்து பற்றிக் கேட்க வந்திருந்தார்.

"சண்டை ஒண்ணும் இல்ல. பிள்ளைங்க கல்யாணம் ஆகிப் போயிட்டாங்க. இனிமே தனியா இருக்கணும்னு தோணுது, அவ்வளவுதான்," என்றார். மனைவிக்கு இன்னும் தெரியாது என்றும் சொன்னார். வழக்கறிஞர் இளமாறன், இருவரும் ஒத்துக்கொண்டால் என்ன வழி, ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன வழி என்று விளக்கினார். சாதியா பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள்.

அடுத்த மாதம் ஓர் அம்மா வந்தார். சாமுண்டீஸ்வரி என்று பெயர். பருத்திப் புடவை, தலையில் பூ. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்ன விஷயமா வந்தீங்க ஆன்ட்டி?"

"எனக்கு மறதி வருதும்மா. டாக்டர் டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டு, இது போகப் போக ஜாஸ்தியாகும்னுட்டாரு. புத்தி தெளிவா இருக்கும்போதே எல்பிஏன்னு ஒரு பத்திரம் செஞ்சு வச்சிடச் சொன்னாரு. நமக்கு முடியாமப் போனா நமக்காக முடிவெடுக்க ஒரு ஆளைப் போடணுமாமே?"

"யாரைப் போடப் போறீங்க?"

"வேற யாரு. வீட்டுக்காரர் பேரையே போட்டுடுங்க. வடிவேலு."

சாதியாவின் பேனா நின்றது. அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி முகவரியைப் பார்த்தாள். அதே வீடுதான்.

"அங்கிளுக்கு இது தெரியுமா?"

"மறதின்னு தெரியும். டாக்டர் சொன்னது தெரியாது. பேப்பர் ரெடியானதும் சொல்லலாம்னு இருக்கேன். கொஞ்ச நாளாவே அவரு ஏதோ யோசனையா இருக்காரு. இதையும் எதுக்கு அவரு தலையில போடணும்?"

சாதியா எழுந்து உள்ளே போனாள். இளமாறன் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஹஸ்பண்ட் ஏற்கெனவே நம்மகிட்ட வந்துட்டாரு. ரெண்டு பேருக்கும் நாமளே அட்வைஸ் பண்ண முடியாது. வேற கிளினிக்குக்கு அனுப்பிடு."

"ஏன்னு கேட்டா?"

"சொல்லக்கூடாது. அவரு இங்க வந்ததே அவங்களுக்குத் தெரியக்கூடாது."

"அவங்க அவரு பேரைத்தான் போடப் போறாங்க."

"தெரியுது சாதியா. ரூல் அதுதான்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பிள்ளைகள் பெயரைப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தோன்றியது. ஆனால் அந்த எண்ணம்கூடத் தேர்வுத்தாளில் படித்த ஒரு கேள்வியைப் போலத்தான் வந்து போனது.

"உங்க கேஸை இங்க எடுக்க முடியல ஆன்ட்டி. தெம்பனிஸ்லயே ஒரு இடம் இருக்கு, அங்க பாத்துக்குவாங்க. அட்ரஸ் எழுதித் தரேன்."

"நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?"

"இல்ல ஆன்ட்டி."

"அப்புறம் ஏன்?"

"காரணம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல."

சாமுண்டீஸ்வரி முகவரிச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டார். "சரி லா. நீ என்ன பண்ணுவ," என்று சொல்லி எழுந்தார்.

மின்தூக்கிக்கு முன்னால் போய் அப்படியே நின்றுவிட்டார். எந்தப் பக்கமாக வந்தோம் என்று நினைவில்லை. சாதியா கூடவே இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, லிட்டில் இந்தியா ரயில் நிலையம்வரை கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அந்த அம்மா தன் பேரனைப் பற்றிப் பேசினார். சாதியா "உம்" கொட்டினாள். திரும்பி வந்தபோது அடுத்த ஆள் காத்திருந்தார்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு வடிவேலு மறுபடி வந்தார்.

"உக்காருங்க அங்கிள்."

"வேணாம்மா. அன்னிக்குப் பேசினது வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். வீட்டுல ஒடம்பு சரியில்ல. கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் மறந்துடுமாம். எனக்குத் தெரியாமலே ஏதோ பேப்பர்ல என் பேரைப் போட்டு வச்சிருக்கா. இப்ப எப்படிப் போறது?"

அவர் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. ஈரக் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பின்னால வேணும்னா, திரும்ப வரலாமா?"

"வரலாம் அங்கிள்."

தலையை ஆட்டிவிட்டுப் படியில் இறங்கினார். சாதியா உள்ளே போய்ச் சொன்னாள். இளமாறன் கணினியில் கோப்பை மூடினார்.

வெளித் தாழ்வாரத்தில் கொஞ்சம் நின்றாள். அந்த அம்மா தனியாக இருக்கப் போவதில்லை. அதற்காக மகிழ்ச்சி அடைய வேண்டும் என்று நினைத்து, முயன்றும் பார்த்தாள். பிறகு, போக நினைத்த மனிதரின் கையில்தானே அந்த அம்மா இருக்கப் போகிறார் என்று வருத்தப்பட முயன்றாள். அதுவும் வரவில்லை. கீழே தெருவில் மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.