பின்சுவரோரம் பொரித்த குஞ்சுகள்

முட்டைக்காரம்மா பிறந்தது எரியும் மலையின் அடிவாரத்தில். வாழ்க்கைப்பட்டது உறங்கும் மலையின் அடிவாரத்தில். சொந்த வீடு கட்டியது அணைந்த மலையின் அடிவாரத்தில். நாட்டில் மூன்று வகை எரிமலையும் உண்டு என்று மற்றவர்கள் பாடத்தில் படித்ததை அவர் குடியிருந்தே பார்த்தவர்.

பிறந்த வீட்டை நெருப்புக் குழம்பு அவசரமில்லாமல், மாடு மேய்ந்து வருவதுபோல வந்து மூடியது. எதிர் மேட்டில் நின்று பார்த்தார்கள். அவருடைய அம்மா கதவைப் பூட்டிவிட்டு வந்திருந்தாராம்.

புகுந்த வீட்டு மலையில் புகை இல்லை. ஆனால் கொல்லை மண் சுடும். அந்தப் பள்ளங்களில் முட்டைகளைப் பதித்துக் குஞ்சு பொரிப்பதுதான் குடும்பத் தொழில். மூடிய கண்ணிமையில் முட்டையை ஒற்றிச் சூடு பார்க்க அங்கேதான் கற்றார். மகள் பிறந்ததும் அந்தச் சூடே பயமாகிவிட்டது. கணவரை அரித்தெடுத்து, அணைந்த மலைக்குக் குடிவந்தார்.

புது வீட்டின் நிலவறைக்குப் பின்சுவர் மலைப்பாறையேதான். கோடையிலும் சில்லென்று இருக்கும். பண்ணையிலிருந்து வாங்கிய நாட்டுக்கோழி முட்டைகளை அங்கே அடுக்கி விற்றார்கள். புது முட்டை பின்சுவரோரம், பழையது வாசலோரம். விற்க விற்க முன்னே நகர்த்த வேண்டும்.

மகள் பிரசவத்துக்கு அவர் போய் ஒரு மாதம் இருந்தபோது கணவர் நகர்த்தவில்லை. முழங்கால் வலி. வாசலோரமே வைத்து, வாசலோரமே எடுத்து விற்றார்.

திரும்பி வந்து கீழே இறங்கியவர் படியிலேயே நின்றார். கீச்சென்று ஏதோ சத்தம்.

“எலியா இருக்கும்,” என்றார் கணவர் மேலிருந்து.

பின்சுவரோரத் தட்டில், ஓடுகளுக்கு நடுவே, ஈரம் காயாத மூன்று குஞ்சுகள். பொரிக்காத ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றினார். புகுந்த வீட்டுப் பள்ளத்தின் அதே சூடு. பிறகு பாறையில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கத் தோன்றவில்லை.

“அடைகாக்கக் கோழி இல்லாமலே குஞ்சு. நமக்கு லாபம்தானே?” என்று கணவர் சிரித்தார்.

“செத்த உடம்பு சுடாதுங்க.”

அவர் சிரிப்பு நின்றது.

எரிமலை ஆய்வு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து பாறையில் துளையிட்டு வெப்பம் அளந்தார். அளந்து முடித்தும் கிளம்பவில்லை. அவரும் கையை வைத்துப் பார்த்தார்.

“அணைஞ்ச மலைன்னுதானே தம்பி எழுதி வெச்சிருந்தீங்க?”

“மனுசன் எழுதப் பழகுறதுக்கு முன்னாடியே இது படுத்திருச்சுக்கா. அதுக்கப்புறம் அசையவே இல்ல. வேற எப்படி எழுதுறது?”

எப்போது எழும் என்று கேட்டதற்கு, நாளையும் எழலாம், பேரனுக்குப் பேரன் காலத்திலும் எழலாம் என்றார். காலி செய்யச் சொல்லி உத்தரவு ஏதும் இல்லை, யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் மகள் கைக்குழந்தையோடு வருவதாக இருந்தது. தொட்டில் கட்டக் கொக்கிகூட அடித்தாகிவிட்டது. பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதுபோல இன்னும் எத்தனை வீடு மாறுவது என்று கணவர் புலம்பினார். பாதி ஆயுளைப் போட்டுக் கட்டிய வீடு. ஆனாலும் அந்தச் சுவருக்கு மேலே பேத்தியைத் தூங்கவைக்க முட்டைக்காரம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தார்.

வந்திறங்கிய மகள் ஜன்னல் வழியே பார்த்தாள். மலைமேல் வழக்கம்போல ஆடுகள் மேய்ந்தன.

“அப்படியேதானம்மா இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு,” என்றார் முட்டைக்காரம்மா. குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். மகள் சாப்பிட இரண்டுமுறை கூப்பிட்டும் ஜன்னலைவிட்டு நகரவில்லை.