உலகம் அழிந்த பிறகு ஒரு பீலி

புசல்லாவையில், நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே இன்னும் இருக்கும் அக்காவைக் கண்டிக்கு வரவழைத்துப் படத்துக்குக் கூட்டிப் போனது என் புத்திகெட்ட வேலை. உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை. செம்மஞ்சள் வானம், மணலில் பாதி புதைந்த கப்பல்கள், தகரக் கூரை போட்ட குடிசைகள். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அக்கா வாயை மூடவில்லை.

"கூரைத் தகரத்து மேல கல்லு வைக்கலையே, காத்துல போயிருமே."

முன்வரிசைக்காரர் இரண்டு தரம் திரும்பி முறைத்தார்.

"எல்லாம் கற்பனைக்கா, பேசாம பாரு" என்று பல்லைக் கடித்தேன்.

கடைசியில், உயிர் பிழைத்தவர்கள் ஒரு மலையடிவாரத்தை அடைந்தார்கள். பாறையில் செருகிய குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. அரங்கமே அடங்கிவிட்டது.

"பீலி" என்றாள் அக்கா, சத்தமாக. "நம்ம லயத்துப் பீலி தண்ணியில்லாம காஞ்சு மூணு மாசம். இவங்களுக்காவது வந்திருச்சு."