ஆற்றோரக் கோட்டையில் அண்ணை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் நோர்பரியில் ஓர் அறையில் நானும் ஓர் அண்ணையும் இருந்தோம். எனக்குப் பெட்ரோல் ஷெட்டில் வேலை. வாரத்தில் ஆறு நாள் நின்று நின்று கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும். அவருக்குக் காத்திருப்பதுதான் வேலை. அகதி வழக்குப் போட்டு ஐந்து வருடம். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில். வழக்கு வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அவருக்கு விசாரணை. ஊரில் ஆமி பிடித்துக்கொண்டுபோய்க் கோட்டைக்குள் அடைத்துவைத்ததை விவரமாகச் சொல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்று வழக்கறிஞர் தலையிலடித்துக்கொண்டார். அண்ணையிடம் ஒரே பதில்தான்: "மறந்துபோச்சு." கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பொறுக்க முடியாமல், அதற்கு முந்தின ஞாயிறு கென்ட் பக்கம் ரயிலில் கூட்டிப்போனேன். ரோமர்கள் எல்லைக் காவலுக்கு ஆற்றோரம் கட்டிய கோட்டையின் மிச்சம் அங்கே இருந்தது. விளம்பரத் தாளில் இருந்த புல்லையும் ஆற்றையும் பார்த்தேனே தவிர, யாரைக் கோட்டை பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று யோசிக்கவில்லை. என் மூளையை என்ன சொல்ல!

வாசலில் சீருடை மாதிரி நீலச் சட்டை போட்ட ஒருவர், எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று சிரித்தபடி கேட்டார். அண்ணை தொப்பியைக் கழற்றினார். பிளாஸ்டிக் பையிலிருந்து குடிவரவுக் கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அந்த மனிதர் குழம்பிப்போனார்.

"அண்ணை, இவர் சும்மா டிக்கெட் குடுக்கிற ஆள்," என்றேன். சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

உள்ளே ஒரு பக்கம் உயர்ந்த கற்சுவர், மற்றப் பக்கம் சேற்று நிறத்தில் ஆறு. காவலறை என்று பலகை வைத்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு அத்திவாரக் கல் மட்டும். நான் பலகையை வாசித்துச் சொல்ல, அண்ணை அந்த அறையை அடி வைத்து அளந்தார்.

"இது பெரிசு," என்றார். "எங்களை வைச்சிருந்தது இதில பாதி. பதினொரு பேர். எல்லாரும் ஒண்டாப் படுக்க ஏலாது. முறை வைச்சுத்தான் படுத்தனாங்கள்."

கல்லில் உட்கார்ந்து மிச்சத்தையும் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது.

"இதை வெள்ளிக்கிழமை சொல்லுங்கோ அண்ணை."

"பாப்பம்," என்றார்.

வெள்ளிக்கிழமை அலுவலக வாசலில் காத்து நின்றேன். மூன்று மணித்தியாலம் கழித்து வந்தார்.

"சொன்னனீங்களோ?"

"ஓம், எல்லாம் சொன்னன். ஏன் இவ்வளவு வருசமும் சொல்லேல்லை எண்டு கேட்டவை."

"என்ன சொன்னனீங்கள்?"

"மனுசிக்கே இன்னும் சொல்லேல்லை எண்டன்."