காலி சேனல்

இதை நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். போன மாதம்வரை நானும் உங்கள் கட்சிதான். பாழடைந்த பங்களா, வெள்ளைப் புடவை, நாய் ஊளை... எவனாவது ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் இது பட்டப்பகலில், ஏசி ஓடும் அறையில், என் கண்முன்னே நடந்தது.

என் அக்கா வீட்டுக்காரர் கம்பெனியில்தான் எனக்கு வேலை. நாடித்துடிப்பு காட்டும் கருவி செய்கிறோம். அத்தானுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சர்வம்'. அவருக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. தெரிந்ததும் ஒன்றும் கிடையாது.

என் புரோகிராம் படம் வரைவது மாதிரி. திரையில் கட்டங்களை வைத்து, ஒன்றுக்கொன்று ஒயர் இழுத்தால் போதும். விரலில் மாட்டும் கிளிப்பின் ஒயரை ஒரு பெட்டியின் துளையில் சொருகினால் சிக்னல் அலை அலையாக வரும். துளை ஒவ்வொன்றும் ஒரு சேனல். நாம் வைத்த உயரத்தைத் தாண்டும் உச்சியை ஒரு கட்டம் கண்டுபிடித்து 'டிக்' என்று ஒலிக்கும். ஒரு உச்சி, ஒரு துடிப்பு.

மறுநாள் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து கருவியைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதனால் ஒத்திகைக்கு அத்தானே கிளிப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒயரை நானே சொருகிட்டேன் மாப்ள. உன்னை நம்பினா வெளங்கிரும்."

ஓட்டினேன். டிக்... டிக்...

பக்கத்துச் சேனல் காலி. ஒயரே இல்லை. சோதனைக்காக அதற்கு 'டக்' என்று வேறு ஒலி வைத்திருந்தேன். ஒரு சேனலின் நிழல் பக்கத்துக் காலிச் சேனலில் விழுவது உண்டு. எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே பேய்தான். அதனால் 'டக்' கேட்டதும் நான் பயப்படவில்லை.

ஆனால் நிழல் பின்னால்தானே வர வேண்டும்?

டக்-டிக்... டக்-டிக்...

முந்திக்கொண்டு வந்தது.

"அத்தான், காலி சேனல்ல துடிப்பு முன்னாடி வருது."

"பேய்க்கும் வேலை செய்ற ஆர்வம் இருக்கு. உனக்குத்தான் இல்ல."

அவர் ஜோக்குக்கு அவரே சிரித்தார். வேறு யார் சிரிப்பது?

மூன்று பத்துக்கு 'டக்' தடுமாறியது. ஒன்று விட்டு ஒன்று...

சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். எதையோ மறந்தவர் மாதிரி நெஞ்சைத் தடவினார். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி சிரித்தார்.

டிக்... டிக்...

'டக்' இல்லை.

உச்சிக்கு வைத்த உயரத்தைக் குறைத்தேன். பாதி. கால். தரையோடு தரை. காலிச் சேனலில் நூலளவு மேடுகூட இல்லை.

வெறும் கோடு.

"அத்தான், எனக்கு மனசு சரியில்ல. டாக்டரைப் பாத்துருங்க. அக்காவுக்காக."

"எனக்கென்னடா? டிக் டிக்னு ஓடுது பாரு. கழட்டு இதை."

கழற்றினேன்.

டிக்... டிக்...

நிற்கவில்லை.

அவர் எழுந்து வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

அப்போதுதான் நின்றது.

மறுநாள் காலை பெட்டியைத் துடைத்தேன். ஒயர் சொருகும் துளைகளுக்கு மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று புது ஸ்டிக்கர். அத்தானின் கைவண்ணம். பூஜ்யத்தில் ஆரம்பித்தால் வியாபாரம் படுத்துவிடுமாம். இந்த மூளையை வைத்துக்கொண்டு இதயக் கருவி விற்கிறார்.

'ஒன்று' ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் அச்சடித்திருந்தது... பூஜ்யம்.

என் புரோகிராமும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும். அதில் பூஜ்யம் காலி, 'டக்'. ஒன்று விரல், 'டிக்'. அவர் தன்னுடைய ஒன்றில், அதாவது பூஜ்யத்தில், சொருகியிருக்கிறார்.

அப்படியானால் 'டக்'தான் அத்தானின் விரல்.

'டிக்'தான் நிழல்.

நின்றுபோனது நிழல் இல்லை.

ஒரு மாதம் ஆகிறது. அத்தான் தினமும் ஆபீஸ் வருகிறார். திட்டுகிறார். கிளிப்பை மட்டும் தொடுவதில்லை.

நேற்று அக்கா போன் செய்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பதான்டா நிம்மதியாத் தூங்கறேன். ஒரு மாசமா அவருக்குக் குறட்டையே இல்ல. மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கல."