அக்கா வைக்கச் சொன்ன ஸ்தோத்திரக் கூட்டம்

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்தும் கை வரவில்லை. சபையில் சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் கேட்டது கிடைத்ததைச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் கேட்டது கிடைக்கவில்லை. அதைச் சொல்லி யாருடைய விசுவாசத்தையாவது அசைத்துவிடுவேனோ என்று பயந்தே இருந்துவிட்டேன். இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. கர்த்தர் பேரில் பாரத்தை வைத்து எழுதுகிறேன்.

அது வெள்ளைக்காரர் காலம். பெங்களூர் அல்சூரில் குடியிருந்தோம். அப்பா பட்டாளத்து உடுப்பு தைக்கும் கடையில் தையல்காரர். கல்யாண வயதில் என் அக்காவுக்கு க்ஷயரோகம் கண்டது. எனக்கு எட்டு வயது இருக்கும். "நல்லா வெயில் படுற மாதிரி வையுங்க. மழையும் குளிரும் வந்தாதான் கஷ்டம்" என்று டாக்டர் சொன்னதால், மார்ச் பிறந்ததும் அக்காவின் கட்டிலைக் கொல்லையில் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் போட்டோம்.

பெங்களூர் வெயில் எத்தனை நாளைக்கு? ஆனாலும் அந்தக் கொஞ்ச நாளில் அக்கா தேறினாள். இருமல் குறைந்தது. கஞ்சி வேண்டாம், ராகிக் களியும் குழம்பும் கொடு என்று அம்மாவோடு சண்டை பிடித்தாள். என்னைத் தள்ளி நிற்கவைத்து வேத வசனம் ஒப்புவிக்கச் சொல்வாள். தப்பு விட்டால் முருங்கைக் குச்சியை வீசுவாள்.

மே கடைசியில் மேகம் கட்டத் தொடங்கியது. ஒரு சாயங்காலம் அக்கா, "அப்பா, ஸ்தோத்திரக் கூட்டம் வச்சுடலாம்பா" என்றாள்.

எங்கள் ஜனங்கள் காரியம் கைகூடிய பிறகுதான் அந்தக் கூட்டம் வைப்பது. பிள்ளை பிறந்தால், வேலை கிடைத்தால், வியாதி தீர்ந்தால், உபதேசியாரை அழைத்து ஜெபம் பண்ணி, வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுப்போம். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை.

"பூரா குணமாகட்டும்மா. ஜோரா வச்சுடலாம்."

"குணமாகணும்னு நீங்க ஜெபம் பண்ணுங்க. இந்த வெயிலைக் குடுத்தாரே, அதுக்கு நான் ஸ்தோத்திரம் சொல்ல வேணாமா? மழைக்கு முன்னாடியே வைங்கப்பா."

அப்பா ஊசியைச் சட்டையிலேயே குத்திவிட்டு எழுந்து வெளியே போனார். அவருக்குக் கோபம் என்று நான் நினைத்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவே கூட்டத்தைச் சபையில் அறிவிக்கச் சொன்னார். அறிவித்ததும், அக்கா குணமாகிவிட்டாள் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. யாரைக் குறை சொல்ல? கூட்டம் என்றால் அப்படித்தானே அர்த்தம். கூட்டத்தன்று அடுத்த வீட்டு அத்தை மல்லிகைச் சரத்தோடு வந்தாள்.

"என்னடி, குச்சியா கெடந்தவ கன்னம் வச்சிருக்கே! அடுத்த கூட்டம் உன் கல்யாணத்துக்குத்தான். ஜீவனஹள்ளியில ஒரு பையன் இருக்கான், சொல்லட்டுமா?"

"அவன் தலையில முடி இருக்கா அத்தை?" என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். காபி எடுத்துவருகிறேன் என்று அடுப்படிக்குப் போன அம்மா மட்டும் வெகுநேரம் வரவில்லை.

உபதேசியாரும் "குணமாக்கின தேவனே" என்றுதான் தொடங்கினார். யாரும் அவரைத் திருத்தவில்லை. அவர் முடித்ததும் அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜெபித்தாள். வெயிலுக்காக, ராகிக் களிக்காக, நான் விட்ட வசனத் தப்புகளுக்காகக்கூட ஸ்தோத்திரம் சொன்னாள். சுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று, "அக்காவுக்குச் சுகம் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்று நானே சத்தமாகச் சேர்த்துச் சொன்னேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். அக்காவும் சொன்னாள்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கட்டில் உள்ளே வந்தது. ஜூலை முடியுமுன் அக்காவைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டுத் திரும்பினோம்.

"நாமதான் ஸ்தோத்திரம் சொன்னோமே அம்மா. அதை வாங்கிக்கிட்டு ஏன் அக்காவைக் கூட்டிட்டுப் போனாரு?" என்று கேட்டேன். அம்மா அதட்டவில்லை. என் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அக்கா அந்தக் கூட்டத்தில் எங்களிடம் விடைபெற்றுக்கொண்டாள் என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நானே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளை எங்களோடு இருந்த நாட்களுக்காக ஸ்தோத்திரம் சொல்ல, அதை அடக்கம் பண்ணின அன்றைக்கு முழங்காலில் நின்றேன். அக்கா சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

இந்தச் சங்கதியைச் சிலர் வேறு மாதிரி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஸ்தோத்திரம் பண்ணினதால் அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாளாம். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். வாசிக்கிற நீங்கள் யாருக்காவது சொல்வதானால், தயவுசெய்து நடந்தபடியே சொல்லுங்கள். அக்கா பிழைக்கவில்லை. அது தெரிந்தேதான் ஸ்தோத்திரம் பண்ணினாள்.