முப்பிடாதி பேரை மாற்றவில்லை

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. தென்காசிக்கு வெளியே சிற்றாற்றில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, ஞானஸ்நானம் பெற வந்த பெண் ஒருத்தி முங்க மறுத்தாள். கரையில் இன்னும் நான்கு பேர் வெள்ளை உடையில் காத்திருந்தார்கள்.

அவள் பெயர் முப்பிடாதி. வயது நாற்பத்தொன்று, ஊர் சுந்தரபாண்டியபுரம். ஊர்க்காவல் படையில் பதினோரு வருடமாக இருக்கிறாள். சீசன் நாட்களில் குற்றாலம் மெயின் அருவியில் பெண்கள் பக்கத்து வரிசை அவள் பொறுப்பு. "ஏம்மா, தல நனைஞ்சிட்டுல்லா? வெளிய வா. அருவிய வீட்டுக்கா கொண்டுபோகப் போற?" என்று அவள் விசில் ஊதினால் வரிசை நகரும்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. மாமியார் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. "அது சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பாள். புருஷன் வேறொருத்தியைக் கூட்டி வந்த அன்று பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் தங்கசாமியின் வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே அவளுக்கு 'வாழாவெட்டி' என்று பெயர்.

2022இல் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஆய்க்குடி அன்னபாக்கியம். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் எட்டி இவள் கையைப் பிடித்துக் கண்ணை மூடினார். "ஆண்டவரே, இவ முப்பிடாதி. உம்ம பிள்ளை. பாத்துக்கிடும்." அவ்வளவுதான் ஜெபம்.

தன் பெயரையும் 'பிள்ளை' என்ற சொல்லையும் ஒருவர் சேர்த்துச் சொல்லி முப்பிடாதி கேட்டது அன்றுதான். மயக்கம் தெளிந்து வலியில் கிடந்தபோது அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். உடம்பு தேறியதும் ஆலங்குளம் ரோட்டில், அன்னபாக்கியம் போகும் தகரக் கூரைச் சபைக்குப் போக ஆரம்பித்தாள்.

இரண்டு வருடம் கழித்து ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தபோது சிக்கல் இரண்டு பக்கமிருந்தும் வந்தது.

"ஏட்டி, அது நம்ம அம்மன் பேரு. அங்க போறதுன்னா பேர இங்கன வச்சிட்டுப் போ" என்றான் தங்கசாமி.

"சட்டையா அண்ணே, கழத்தி ஆணியில மாட்டுததுக்கு?"

பாஸ்டர் ஞானதிரவியமும் அதே பெயரில்தான் கை வைத்தார். வேறு மதக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்குத் தண்ணீரில் வேதாகமப் பெயர் சூட்டுவது அவர் சபை வழக்கம். முப்பிடாதி இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஆற்றில் இறங்கினால் மனம் இளகிவிடும் என்று நினைத்த அவர், சனிக்கிழமையே சான்றிதழை 'எஸ்தர்' என்று அச்சடித்து லேமினேட்டும் செய்துவிட்டார்.

"எஸ்தர், நான் உனக்கு..." என்று அவர் தொடங்கியதும் முப்பிடாதி முழங்காலை இறுக்கி நின்றாள்.

"எஸ்தர் யாரு பாஸ்டர்? கரையில நிக்காவளா, கூப்பிடட்டா?"

கரையில் சிரிப்பு கிளம்பியது. பாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "பழைய மனுஷி போகணும்லா சிஸ்டர்."

"பழைய மனுஷி போகட்டும். பேரு போகாது. மாமியா வீட்டுல 'அது'ன்னாவ. அண்ணன் வீட்டுல 'வாழாவெட்டி'ன்னாவ. ஆண்டவர்ட்டதான் என்னை முப்பிடாதின்னு சொல்லி ஒப்படைச்சாவ. அவரும் முப்பிடாதியத்தான் எடுத்துக்கிட்டாரு. இப்ப எஸ்தர்னு போய் நின்னா, நீ யாரும்மான்னு கேக்க மாட்டாரா?"

"அவருக்குத் தெரியும் சிஸ்டர்."

"தெரியும்லா? பெறகு நீங்க எதுக்கு மாத்துதீய?"

கரையிலிருந்து அன்னபாக்கியம் சத்தம் போட்டார்: "பாஸ்டர், தண்ணி குளிருது. முக்குங்க!"

பாஸ்டர் அவள் தலையில் கை வைத்து, "முப்பிடாதி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றார். அவள் முழங்காலைத் தளர்த்தினாள். எழுந்தபோது அழுதுகொண்டிருந்தாள், முகத்தைத் துடைக்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போனதும் தங்கசாமியிடம் அவளே சொன்னாள்: "பேரு என்கிட்டதான் இருக்கு, அண்ணே. இனி இந்த வீட்லயும் அதச் சொல்லித்தான் கூப்பிடணும்." அவன் சோற்றைப் பிசைந்தான்.

லேமினேட் செய்த 'எஸ்தர்' சான்றிதழைப் பாஸ்டர் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஜூன் 23 ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும் தரும் அப்பமும் திராட்சரசமுமான திருவிருந்தை முப்பிடாதி முதல் முறையாக எடுக்கிறாள். அன்றைய காலை டூட்டியை மதியத்துக்கு மாற்றி வாங்கியிருக்கிறாள்.