வைஃபை திரும்பி வந்த சாயங்காலம்

லினக்ஸ் அப்டேட் போட்டதும் என் லேப்டாப்பில் வைஃபை செத்துப்போனது. அதை ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருளைத் தரவிறக்க இணையம் வேண்டும். என் போனில் சிக்னல் இல்லாததால் அண்ணனின் போனை வாங்கிக் கேபிளில் மாட்டி, அதன் இணையத்தில் இறக்கத் தொடங்கினேன்.

"போன வெரசா கொண்டா அப்பு, தோப்புக்குப் போகணும்" என்றார் அண்ணன்.

"இப்ப உருவுனா எல்லாம் கெட்டுப்போகும்ண்ணே. நீ போயிட்டு வா."

தேவாரம் மலையடியில் எங்கள் தென்னந்தோப்பு. அவர் போன் இல்லாமலே கிளம்பினார். சற்று நேரத்தில் அந்தப் போனில் பக்கத்துத் தோப்புக்காரர் அழைத்தார். பேசினால் டவுன்லோடு அறுந்துவிடும் என்று கட் செய்தேன். மறுபடி அழைத்தார்; மறுபடியும் கட் செய்தேன்.

வைஃபை வந்த சந்தோஷத்தில் நானே அவரை அழைத்தேன்.

"ஒங்கண்ணன ஆனை மிதிச்சிருச்சுப்பா. ஆனை எறங்கிருக்கு, வராதன்னு சொல்லத்தானே ரெண்டு தடவ கூப்பிட்டேன்!"

அந்த லேப்டாப்பில்தான் இன்றும் வேலை பார்க்கிறேன். வைஃபை அதன்பிறகு ஒருநாளும் அறுந்ததில்லை.